முன்பெட்டிகள் எங்கே போகும்

இம்கே ப்ரோடர்சனுக்கு அந்தக் குரலைப் பிடிக்காது. ரயிலுக்குள் ஊர்ப் பெயர் சொல்லும் பெண் குரல். யாரோ ஒருத்தி எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து எல்லா ஊர்களையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டுப் போயிருக்கிறாள். அதில் களைப்பு இல்லை, சளி இல்லை, திங்கட்கிழமை இல்லை. "தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்று அது சொல்லும்போதெல்லாம் இம்கேயின் வாயில் கெட்டுப்போன வெண்ணெயின் ருசி வரும். வருந்துகிறவள் ரயிலில் இல்லை. ரயிலில் இருப்பவள் திட்டு வாங்குகிறாள்.

இருபத்திரண்டு வருடமாக அவள் நடத்துநர். அதற்கு முன் நான்கு வருடம் இறால் உரிக்கும் கூடத்தில் இருந்தாள். நாற்றத்தில் வகை தெரியும் என்பாள். இறால் நாற்றம் யோக்கியமானது, கழுவினால் போய்விடும். ரயில் நாற்றம் அப்படியில்லை. ஈரக் கோட்டு, நேற்றைய பீர், கழிப்பறைக் கதவிடுக்கில் ஊறிக்கிடக்கும் மூத்திரம், அதற்கு மேல் தெளித்த எலுமிச்சை மருந்து. வீட்டுக்குப் போனதும் அவள் முதலில் கைப்பிடிகளைத் தொட்ட கையைக் கழுவுவாள். பிறகுதான் விளக்கைப் போடுவாள். கல்யாணம் ஆறு வருடத்தில் முடிந்தது. அந்த மனிதன் கொடுமைக்காரனோ குடிகாரனோ அல்ல. இவள் அவனைத் தொடுமுன்பும் கை கழுவினாள், அவ்வளவுதான். எங்கள் பணிமனையில் எல்லோருக்கும் இது தெரியும். அவளே சிரித்துக்கொண்டு சொன்னதுதான்.

எங்கள் பாதையில் ரயில் நகரத்திலிருந்து இரண்டு வண்டிகளாகப் பிணைத்துக் கிளம்பும். ஹோல்ப்ரூக் வரை ஒரே ரயில். அங்கே பிரித்துவிடுவார்கள். முன்வண்டி மேற்கே, கடலோரத்து வெஸ்டர்ஸீலுக்கு. பின்வண்டி வடக்கே நோர்டராவுக்கு. இரண்டுக்கும் நடுவே உள்ளே நடந்துபோக வழி கிடையாது. நடைமேடையில் இறங்கித்தான் மாறி ஏற வேண்டும். அதனால் எந்த வண்டி எங்கே போகிறது என்பது பயணிக்கு உட்காரும் முன்பே தெரிந்தாக வேண்டும்.

அதைத் தெரிவிப்பது இயந்திரம். இயந்திரத்துக்குத் தெரிவிப்பது நடத்துநர். கிளம்பும் முன் ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டுநர் அறைக்குள் நுழைந்து பலகையில் ஓர் எண்ணைத் தட்ட வேண்டும். முன்னால் வெஸ்டர்ஸீலுக்கு 462, பின்னால் நோர்டராவுக்கு 562. தட்டிவிட்டால் வெளியே விளக்கெழுத்து, உள்ளே திரை, அந்தக் குரல் எல்லாம் தானாக ஓடும். அரை நிமிட வேலை. முன்பெல்லாம் தவறாகத் தட்டினால் வழியில் திருத்திக்கொள்ளலாம். சென்ற வசந்தத்தில் புது மென்பொருள் போட்டார்கள். சக்கரம் ஒருமுறை சுழன்றுவிட்டால் எண் பூட்டிக்கொள்ளும். நடத்துநர்கள் வழியில் எண்ணோடு விளையாடுகிறார்கள் என்று அலுவலகத்தில் யாரோ கண்டுபிடித்தாராம். "ஒருமுறை தட்டுங்கள், நிம்மதியாகப் பயணியுங்கள்" என்று ஓய்வறையில் ஒரு சுவரொட்டி வந்தது. அதன் கீழே யாரோ பேனாவால் ஒரு புழு வரைந்திருந்தார்கள்.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை. இம்கே பணிக்கு வந்தபோது பின்வண்டியின் வாசல்பக்கம் யாரோ வாந்தி எடுத்து வைத்திருந்தார்கள். துப்புரவு ஆள் வரவில்லை. அவள் இலவசச் செய்தித்தாளை எடுத்து அதன் மேல் பரப்பினாள். தாள் நனைந்து எழுத்துகள் கரைவதைப் பார்த்தபடி நின்றாள். பிறகு முன்வண்டிக்கு நடந்தாள். ஓட்டுநர் டாடே மோம்சன் ஏற்கெனவே தன் இருக்கையில் இருந்தான். அவளைவிட மூன்று வயது பெரியவன், மீசையில் எப்போதும் ரொட்டித் துணுக்கு.

"இம்கே, இன்னைக்கு மாத்தி. முன்வண்டி நோர்டராவ் போகுதாம். சக்கரத்துல ஏதோ கோளாறு, அங்க பட்டறைக்குப் போகணும். இப்பத்தான் போன் பண்ணிச் சொன்னாங்க."

"சரி."

"கேட்டுச்சா?"

"காது இருக்கு."

"ரெண்டு காதும் இருக்கறது தெரியுது. நடுவுல ஏதாவது இருக்கான்னு கேட்டேன்."

"அங்க ஒருத்தன் ராத்திரி தின்ன சாசேஜ முழுசா வச்சிட்டுப் போயிருக்கான். வேணும்னா போய்ப் பொறுக்கிக்கோ. இல்லன்னா வண்டிய எடு, கிழவா."

பேசிக்கொண்டே தட்டினாள். 462. பின்வண்டிக்குப் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் செய்தித்தாளைத் தாண்டி, 562. விரல்கள் இருபத்திரண்டு வருடம் செய்ததைச் செய்தன.

மூன்றாவது நிறுத்தத்தில்தான் பார்த்தாள். கதவுகளை மூடச் சொல்ல நடைமேடையில் இறங்கி நின்றபோது முன்வண்டியின் நெற்றியோரத்து விளக்கெழுத்து கண்ணில் பட்டது. வெஸ்டர்ஸீல்.

"அடச்சே" என்றாள். கையை மேலே தூக்கிச் சைகை காட்டிவிட்டு ஏறிக்கொண்டு கட்டுப்பாட்டு அறையை அழைத்தாள்.

"எண்ணு மாறிப்போச்சு. ரெண்டு வண்டியிலயும். வண்டிய அணைச்சுப் போட்டாத்தான் மாத்த முடியும்."

"அணைச்சுப் போட எவ்வளவு நேரம் ஆகும்?" என்றது அந்தப் பக்கம்.

"ஒம்பது நிமிஷம்."

"ஒம்பது நிமிஷமா! பின்னாடி ஒரு சரக்கு வண்டி நிக்குது. உனக்கு வாய் இல்லையா? வாயால சொல்லு."

அவள் ஒலிவாங்கியை எடுத்தாள். பிணைந்திருக்கும்வரை அது இரண்டு வண்டிக்கும் கேட்கும். "பயணிகள் கவனிக்கவும். இன்னைக்குத் திரைல இருக்கறது தப்பு. முன்வண்டி நோர்டராவ் போகுது, பின்வண்டி வெஸ்டர்ஸீல் போகுது. திரைய நம்பாதீங்க." அவள் வாய் மூடியதும் அந்தக் குரல் திறந்தது. "இந்த வண்டி நோர்டராவ் செல்கிறது. இனிய பயணம் அமையட்டும்."

பின்வண்டியில் சிரிப்பு எழுந்தது. ஜன்னலோரத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கினார்.

"நீங்க சொல்றத கேக்கணுமா, அந்தம்மா சொல்றத கேக்கணுமா?"

"நான் சொல்றத. நான் உயிரோட இருக்கேன்."

"அந்தம்மா தெளிவா சொல்றாங்களே."

"அந்தம்மாவுக்கு வாந்தி நாத்தம் தெரியாது. அதான் தெளிவா சொல்றா."

"மேடம், நான் பேப்பர்தான் படிக்கறேன். என்மேல ஏன் எரிஞ்சு விழறீங்க?"

ஒவ்வொரு நிறுத்தத்திலும் இதுவே. அவள் இறங்கி ஓடி முன்வண்டியில் சொல்வாள், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடிப் பின்வண்டியில் சொல்வாள். அவள் சொல்லி முடித்த இடத்தில் அந்தக் குரல் அவளைத் துடைத்துவிடும். சிலர் மாறினார்கள். மாறியவர்களில் சிலர் திரையைப் பார்த்துத் திரும்பவும் மாறினார்கள். தன் தவறையே ஓர் இயந்திரம் இவ்வளவு பவ்வியமாகத் தன்னிடம் திருப்பிச் சொல்வதைக் கேட்க அவள் வாயில் மறுபடி அந்தக் கெட்ட வெண்ணெய் ருசி வந்தது.

ஸ்டாவ்ஹூசனில் மெல்ஃப் கெட்டல்சன் ஏறினான்.

மெல்ஃபுக்கு நாலு வயதிலிருந்து காது கேட்காது. தச்சன். ஜன்னல் சட்டம் செய்யும் பட்டறை மூடியதிலிருந்து ஒன்றரை வருடமாக வேலை இல்லை. உதட்டசைவைப் படிப்பான். சொல்ல வேண்டியதைக் கைபேசியில் தட்டிக் காட்டுவான். முந்தின வெள்ளிக்கிழமை ரயிலில் இம்கேயிடம் அப்படித்தான் காட்டினான்: "திங்கள் 9 மணி. வெஸ்டர்ஸீல் படகுப் பட்டறை. ஒரு நாள் வேலை செஞ்சு காட்டணும். பிடிச்சா வச்சுக்குவாங்க." இம்கே அவன் தோளில் தட்டிக் கொடுத்தாள். அவள் யாரையும் அப்படித் தொடுகிறவள் அல்ல.

இப்போது அவள் பின்வண்டி வாசலில் நின்றிருந்தாள். மெல்ஃப் நடைமேடையின் முன்கோடியில் கருவிப்பையோடு நின்றான். முடி வெட்டியிருந்தான். விளக்கெழுத்தை நிமிர்ந்து பார்த்தான். வெஸ்டர்ஸீல் என்று இருந்தது. அவளைப் பார்த்துக் கை உயர்த்தினான். அவளும் உயர்த்தினாள். அவன் முன்வண்டியில் ஏறினான்.

கத்தி அழைத்துப் பயனில்லை. ஓடினால் போயிருக்கலாம். நாற்பது அடி. ஏற்கெனவே ஆறு நிமிடம் தாமதம், அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள், அடுத்தது ஹோல்ப்ரூக், அங்கே மூன்று நிமிடம் நிற்கும், அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று கதவை மூடச் சொன்னாள்.

ஹோல்ப்ரூக்கில் நடைமேடை முழுக்க ஆட்கள். திரையை நம்பியவர்கள் ஒரு பக்கம், அவளை நம்பியவர்கள் ஒரு பக்கம், இரண்டையும் நம்பாமல் அவள் கோட்டைப் பிடித்து இழுக்கிறவர்கள் நடுவில்.

"எதுலதான் ஏறணும்? ஒழுங்கா சொல்லித் தொலைங்க!" என்றான் சைக்கிளோடு நின்ற ஒருவன்.

"கடலுக்குன்னா இதுல ஏறுங்க. இந்தப் பின்னாடி வண்டில."

"இதுல நோர்டராவ்னு போட்டிருக்கே?"

"போட்டவ நான்தான். தப்பாப் போட்டேன். ஏறுங்க!"

"தப்பாப் போட்டவ சொல்றத எப்படிங்க நம்பறது?"

சைக்கிளின் மிதி அவள் கோட்டுப் பையில் மாட்டிக்கொண்டது. அதைப் பிடுங்கிவிட்டு நிமிர்ந்தபோது பிணைப்பு விடுபடும் சத்தம் கேட்டது. முன்வண்டி நகர்ந்தது. அவள் ஓடினாள், பத்தடிதான் ஓடினாள். கடைசி ஜன்னலில் மெல்ஃப் தெரிந்தான். பையை மடியில் வைத்துக்கொண்டு, தலைக்கு மேலிருந்த திரையைப் பார்த்தபடி, நிம்மதியாக.

டாடேயைத் தொலைபேசியில் பிடித்தாள். "உன் வண்டில மெல்ஃப் இருக்கான். இறக்கு."

"எங்க இறக்க? வயலுக்கு நடுவுலயா? அடுத்த ஸ்டேஷன் பதினாலு நிமிஷம்."

அடுத்த நிலையத்தில் டாடே தன் அறையிலிருந்து இறங்கி ஓடி, ஒரு காகிதத்தில் எழுதி மெல்ஃபிடம் காட்டினான். மெல்ஃப் அதைப் படித்தான், திரையைப் பார்த்தான், மறுபடி காகிதத்தைப் படித்தான். எதிர்த்திசை ரயில் ஒரு மணி நேரம் கழித்துத்தான். அவன் படகுப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று.

மறுநாள் ரிக்ஸன் கூப்பிட்டார். எங்கள் பணிமனையின் மேலாளர். அவர் அறையில் வெனிலா வாசனைக் குச்சி ஒரு சீசாவில் எப்போதும் ஊறிக்கொண்டிருக்கும். இம்கே வாயால் மூச்சு விட்டபடி உட்கார்ந்தாள். அவர் தன் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"பாரு. எல்லாம் பச்சை."

"நான் எண்ண மாத்தித் தட்டிட்டேன், ரிக்ஸன்."

"எங்க மாத்தின? திட்டத்துல முன்வண்டிக்கு 462. நீ தட்டினது 462. பின்வண்டிக்கு 562. தட்டினது 562. பொருந்துது."

"வண்டி மாறிப் போச்சே. சக்கரக் கோளாறுன்னு டாடேகிட்ட போன்ல சொன்னாங்களே."

"போன்ல சொன்னது பதிவுல கிடையாது. யாரும் உள்ள ஏத்தல. பதிவுப்படி நீ பண்ணினதுதான் சரி."

"அப்ப தப்பாப் போனது யாரு? ரயிலா?"

ரிக்ஸன் சிரித்தார். நல்ல பற்கள். "உன்மேல நான் ஏதாவது சொன்னேனா? நீயா ஏன் இழுத்துப் போட்டுக்கற? ரிப்போர்ட் எதுவும் எழுத வேணாம். நீ சுத்தமா இருக்க, இம்கே. சுத்தமாவே இரு. காபி குடிக்கறியா?"

அவள் குடித்தாள். நன்றி என்றும் சொன்னாள். ஓய்வறைக்கு வந்து இரண்டு முறை கை கழுவிவிட்டு எங்களிடம், "அடுத்தவன் பல் குத்தின குச்சிய வாய்ல வச்ச மாதிரி இருக்கு" என்றாள். ஆனால் ரிப்போர்ட் எழுதவில்லை. நாங்களும் எழுது என்று சொல்லவில்லை. பச்சை எங்களுக்கும் வசதியான நிறம்தான்.

அடுத்த வாரம் புதன்கிழமை மெல்ஃப் ரயிலில் ஏறி, உட்காராமல் அவளைத் தேடி வந்தான். கையில் ஒரு கடிதம். தன் நிறுவனத்தின் முத்திரை அவளுக்குத் தூரத்திலேயே தெரிந்தது.

"எங்கள் பதிவுகளின்படி அன்றைய ரயிலில் திரைகளும் அறிவிப்புகளும் திட்டத்துக்கு ஏற்பச் சரியாக இயங்கின. எனவே தங்கள் புகாரை ஏற்க இயலவில்லை. தொடர்ந்து எங்களோடு பயணிக்க அன்புடன் அழைக்கிறோம்."

அன்புடன் என்ற சொல்லில் அவள் கண் நின்றுவிட்டது.

மெல்ஃப் கைபேசியை நீட்டினான். படகுப் பட்டறை முதலாளி இன்வர்சன் கேட்டாராம்: பிறந்ததிலிருந்து இந்தப் பாதையில் இருக்கிறவனுக்கு ரயில் எங்கே போகிறது என்று தெரியாதா? முதல் நாளே இரண்டு மணி நேரம் தாமதமாக வருகிறவனிடம் படகை எப்படி ஒப்படைப்பது? தப்பு ரயில்காரர்களுடையது என்று காகிதம் கொண்டு வா, வெள்ளிக்கிழமை வரை பார்க்கிறேன், அதற்குப் பிறகு இன்னொரு ஆள் இருக்கிறான். அதன் கீழே மெல்ஃப் தட்டியிருந்தான்: "நான் திரைய தப்பாப் படிச்சேனா?"

இம்கே இல்லை என்று தலையசைத்தாள்.

அவன் தட்டினான்: "அப்ப எழுதிக் குடுங்க."

"நான்... ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்" என்றாள். உதட்டைத் தெளிவாக அசைத்துத்தான் சொன்னாள். அவன் படித்தான். அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான், அதிலிருந்து இன்னும் ஏதாவது வரும் என்பதுபோல. வரவில்லை என்றதும் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

அவள் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டாள். சோப்பு தீர்ந்திருந்தது. தண்ணீர் ஒரு நூலாக வழிந்தது. கண்ணாடியில் யாரோ நகத்தால் ஓர் ஆபாசச் சொல்லைக் கீறியிருந்தார்கள், அது சரியாக அவள் நெற்றியில் விழுந்தது. ஒரு நிலையம் போகும்வரை உள்ளேயே நின்றாள்.

வெளியே வந்தபோது கையில் தாமதச் சீட்டுக் கட்டு இருந்தது. எல்லா நடத்துநரிடமும் இருப்பதுதான். ரயில் தாமதமானால் வேலைக்குப் போகிறவர்கள் முதலாளியிடம் காட்டக் கேட்பார்கள். தேதி, ரயில் எண், எத்தனை நிமிடம், காரணம். காரணத்தில் "சிக்னல் கோளாறு" என்பதுபோல் இரண்டு சொல் எழுதி, இடுப்பில் தொங்கும் முத்திரை இடுக்கியால் ஓர் அழுத்து அழுத்தினால் நடத்துநரின் எண் தாளில் பதியும். அந்தப் பதிவு இருந்தால் அது நிறுவனத்தின் காகிதம். அலுவலகம் அதைக் கொடுப்பதில்லை. ஓடும் ரயிலில் நடத்துநர் மட்டும்தான் கொடுக்க முடியும்.

இம்கே மெல்ஃபுக்கு எதிரே உட்கார்ந்து முட்டியில் வைத்து எழுதினாள். காரணத்துக்கான கட்டம் போதவில்லை, ஓரத்திலும் எழுதினாள். "முன்வண்டியில் வெஸ்டர்ஸீல் என்று திரை காட்டியது. வண்டி நோர்டராவ் போனது. எண்ணைத் தவறாகத் தட்டியது நான். பதிவில் சரி என்று இருந்தால் பதிவு பொய். இவர் திரையைச் சரியாகத்தான் படித்தார். சந்தேகம் இருந்தால் என்னைக் கூப்பிடவும்." கீழே தன் கைபேசி எண். பிறகு இடுக்கியை எடுத்து அழுத்தினாள். ரயிலின் ஆட்டத்தில் முதல் பதிவு அரைகுறையாக விழுந்தது. பக்கத்தில் இன்னொரு முறை அழுத்தினாள்.

மெல்ஃப் அதை இரண்டு முறை படித்தான். நான்காக மடித்தான். நன்றி சொல்லவில்லை, சிரிக்கவில்லை. வெஸ்டர்ஸீலில் இறங்கிப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை ரிக்ஸன் அறை. இன்வர்சன் அந்தச் சீட்டைப் படமெடுத்து, இது உண்மைதானா என்று நிறுவனத்துக்கே அனுப்பிக் கேட்டிருந்தார்.

"என்ன இது?" என்றார் ரிக்ஸன்.

"தாமதச் சீட்டு."

"இது சீட்டா? வாக்குமூலம்! 'பதிவு பொய்'னு எழுதியிருக்க. நம்ம முத்திரை மேல எழுதியிருக்க. அவன் இதத் தூக்கிட்டு கோர்ட்டுக்குப் போனா?"

"போகட்டும். நடந்தது அதுதானே."

"உன்னக் காப்பாத்தினேன் பாரு, என்னச் சொல்லணும். போய் அந்தக் காகிதத்தத் திருப்பி வாங்கிட்டு வா. வேற சீட்டுக்கு அடிக்க வேண்டியது, கை தவறி அதுல அடிச்சிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடு. முடிஞ்சிது."

"ரெண்டு தடவை அடிச்சிருக்கேன். ரெண்டு தடவையும் கை தவறுமா?"

"இம்கே, நான் விளையாடல."

"நானும் இல்ல. அன்னைக்குத்தான் கை தவறிச்சு. இதுல தவறல."

ரிக்ஸன் அவள் இடுப்பிலிருந்த இடுக்கியைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை மேசைமேல் மலர்த்தி வைத்தார். இம்கே இடுக்கியை இடுப்பிலிருந்து கழற்றி அதன் அருகில் வைத்தாள். அதை அவர் ஒரு காகிதக் கைக்குட்டையால் பிடித்து எடுத்து இழுப்பறையில் போட்டார். திங்கள் முதல் அவளுக்கு ரயிலில் வேலை இல்லை. பணிமனையின் கீழ்த்தளத்தில், பயணிகள் விட்டுச்செல்லும் குடைகளையும் ஒற்றைக் கையுறைகளையும் பெயரெழுதி அடுக்க வேண்டும்.

"அங்க நாத்தம் இருக்காது" என்றார் ரிக்ஸன், கதவருகே அவள் போனதும்.

"இந்த ரூம விட எங்கயும் இருக்காது" என்றாள் இம்கே.

உடைமாற்றும் அறையில் பெஞ்சில் உட்கார்ந்து காலணி நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். டாடே அவளுக்காக வெளியே புகைத்தபடி காத்திருந்தான். அப்போது கைபேசி அதிர்ந்தது. தெரியாத எண். திறந்தாள்.

"மெல்ஃப் எழுதறேன். இன்வர்சன் வரச் சொல்லிட்டாரு. திங்கள் ஏழு மணி. எண்ணு மாறினத எழுதிக் குடுத்தீங்க. ஆனா ஸ்டாவ்ஹூசன்ல நான் ஏறினத நீங்க பாத்தீங்க. எனக்குக் கேக்காதுன்னு உங்களுக்குத் தெரியும். பாத்துட்டு கை ஆட்டினீங்க. அத அந்தச் சீட்டுல எழுதல."

அவள் அதைப் பலமுறை படித்தாள். வெளியிலிருந்து டாடே குரல் கொடுத்தான்: "உள்ள என்ன பண்ற? வா, மீன் ரொட்டி வாங்கித் தர்றேன்."

"நீ போ. எனக்குச் சாப்பிடற மாதிரி இல்ல."

பிறகு ஒரு சொல் தட்டினாள். "ஆமா." அனுப்பினாள். அவன் படித்துவிட்டான் என்று கைபேசி காட்டியது.   ஒற்றைக் காலணியோடு, கை கழுவ எழுந்திருக்காமல், அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.